முகாமில் ‘நார்மல்’ என்று அனுப்பப்படுகிறவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மாவட்டச் செய்திப் பக்கத்தில் மருத்துவ முகாம் செய்திக்குப் பஞ்சமில்லை. பாலக்கோட்டில் நடந்தாலும் ஊத்தங்கரையில் நடந்தாலும் செய்தி ஒரே மாதிரி முடியும்: இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேருக்குச் சர்க்கரை, இத்தனை பேருக்கு பிரஷர். மீதிப் பேர் நார்மல். இந்தக் கடிதம் அந்த மீதிப் பேருக்காக.

ஒரு ரிப்போர்ட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 42 வயது ஆண். வெறும் வயிற்றுச் சர்க்கரை 106. லேப் தாளின் வலது ஓரத்தில் 70–110 என்று அச்சாகியிருந்தால் இந்த 106-க்குத் தடித்த எழுத்தும் கிடையாது, நட்சத்திரக் குறியும் கிடையாது. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 182, பக்கத்தில் ‘பார்டர்லைன்’ என்று ஒரு சொல். எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு 37, 35-க்கு மேல் இருந்தால் சரி என்று அச்சடித்த தாளில் அதுவும் தப்பித்துவிடும். பிரஷர் 134/86, ‘லேசா ஏறியிருக்கு, உப்பைக் குறைங்க’ என்று வாய்வார்த்தை. இடுப்புச் சுற்றளவை யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் 96 சென்டிமீட்டர். தாளின்படி இவருக்கு எந்த நோயும் இல்லை. ஆனால் சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழிவிடும் கோளாறுகளின் கூட்டான மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று சொல்ல வேண்டிய ஐந்து அளவுகளில் ஐந்துமே இவரிடம் இருக்கின்றன. மூன்று இருந்தாலே போதும்.

அந்த ஐந்தும் இவைதான். இடுப்புச் சுற்றளவு நம் நாட்டு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல். ட்ரைகிளிசரைடு 150 அல்லது மேல். எச்.டி.எல். ஆணுக்கு 40-க்குக் கீழ், பெண்ணுக்கு 50-க்குக் கீழ். பிரஷரில் மேல் எண் 130 அல்லது கீழ் எண் 85, இரண்டில் ஒன்று எட்டியிருந்தாலும் கணக்கு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது மேல். பிரஷருக்கோ சர்க்கரைக்கோ ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் அந்தந்த அளவில் தானாகவே கணக்கில் வந்துவிடுவார், மாத்திரையில் எண் கட்டுக்குள் இருந்தாலும். 1988-இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் இவற்றில் பெரும்பாலானவை ஒரே வேரில் கிளைப்பவை என்று எடுத்துச் சொன்னார். பலவாறாக இருந்த அளவுகோல்களை 2009-இல் உலக அமைப்புகள் சேர்ந்து இப்படி ஒருமைப்படுத்தின. மூன்றும் அதற்கு மேலும் உள்ளவருக்கு, இல்லாதவரைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு. அடுத்த ஐந்து, பத்து ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு.

வேர் எங்கே இருக்கிறது? வயிற்றுக்குள், குடலைச் சுற்றி. அங்கே சேரும் கொழுப்பு தொடைக் கொழுப்பைப் போலச் சும்மா கிடப்பதில்லை. அதிலிருந்து கழன்று வரும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலில் கொழுப்பு படிந்தால் அது இன்சுலினுக்குக் கட்டுப்படாது. ராத்திரி முழுக்க ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். ராத்திரி வெறும் மோர் குடித்துப் படுத்தவருக்கும் விடியற்காலையில் 106 வருவது இதனால்தான். கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து பல வருஷம் ஈடுகட்டும். அந்த வருஷங்களில் சர்க்கரை எண் பெரிதாக ஏறாது. ஆனால் அதே வருஷங்களில் ட்ரைகிளிசரைடு ஏறி, எச்.டி.எல். இறங்கி, எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பின் துகள்கள் சிறுத்து அடர்த்தியாகி, ரத்தக்குழாய்ச் சுவரில் வேலை நடந்துகொண்டிருக்கும். சுகர் வந்த பிறகு இதயத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று வந்ததை ‘அது எல்லாருக்கும் இருக்கிறதுதான்’ என்று மடித்து வைப்பவர்களும்.

ஒல்லியானவருக்கு இது வராது என்று நினைக்க வேண்டாம். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கும் உடல்வாகு நம்மிடம் அதிகம். தசை குறைவு, உள்கொழுப்பு கூடுதல். எடை மிஷின் 64 கிலோ காட்டினாலும் டேப் 92 காட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வில் நாட்டின் வயதுவந்தோரில் சர்க்கரை நோய் 11.4 விழுக்காடு, அதற்கு முந்தைய நிலை 15.3 விழுக்காடு. வயிற்றுப் பருமனோ 39.5 விழுக்காடு. சர்க்கரையைவிட அதிகம் பேர் தவறுவது டேப்பில்தான். முகாம் மேஜையில் இல்லாததும் அதுதான்.

டேப் வைப்பதிலும் பிசகு உண்டு. பேன்ட் சைஸ் 34 என்பது இடுப்புச் சுற்றளவு ஆகாது. தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிற அளவு அது. அரைஞாண் கயிறும் அப்படித்தான், இடுப்பெலும்புக்குக் கீழே நழுவி நிற்கும். விலாவின் கடைசி எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப் போக வேண்டும். நின்றபடி, வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடிக்கும்போது படிக்க வேண்டும். முன்னால் சரியாக வைத்து முதுகுப் பக்கம் டேப் இறங்கிவிட்டால் அளவு மாறும். பின்னால் ஒருவர் பார்த்துக்கொள்வது நல்லது. சேலைக் கொசுவத்தின் மேல் வைத்து எடுத்த அளவு எதற்கும் உதவாது. டேப் இல்லாத வீட்டில் ஒரு சணல் கயிறு போதும்: உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை உயரத்தை அளந்து, சரிபாதியாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். முனை முனையோடு சேரவில்லை என்றால் வயிறு உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. இதை ஆண்கள் தாங்களே செய்துகொள்ளலாம். வீடு தேடி வரும் பெண் தன்னார்வலருக்கும் சங்கடம் இல்லை.

ரத்த மாதிரி விஷயத்தில் முகாம்களில் நடக்கும் தவறு பலருக்குத் தெரியாது. எடுத்த ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் அப்படியே வைத்தால் அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு குறையும். அஞ்செட்டியிலோ சித்தேரி மலையிலோ காலை ஏழு மணிக்கு எடுத்த மாதிரி இரண்டு மணி நேரம் வண்டியில் வந்தால் 112 இருந்தது 99 ஆகி ‘நார்மல்’ ஆகிவிடும். சாம்பல் நிற மூடி போட்ட ஃப்ளோரைடு குழாய் இதற்குத்தான். அதுவும் உடனே வேலை செய்வதில்லை; முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்த மட்டும் சீக்கிரம் மிஷினில் சுழற்றி அணுக்களைப் பிரித்துவிட வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டருக்கு 15 விழுக்காடு வரை முன்பின் அனுமதி உண்டு. அதில் 106 என்றால் உண்மை 92-ஆகவும் இருக்கலாம், 120-ஆகவும் இருக்கலாம். மாத்திரை சாப்பிடுகிறவர் ஏற்ற இறக்கம் பார்க்க அது நல்ல கருவி; எல்லைக்கோட்டில் நிற்பவரை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தீர்மானிக்க அல்ல. ரத்தசோகை உள்ளவருக்கு மீட்டர் கூடுதலாகக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகையில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி.-யும் இல்லாத சர்க்கரையைக் காட்டும். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் ரத்தக் கோளாறுகளில் இருக்கிற சர்க்கரையை மறைக்கும். ஆகவே அந்தச் சோதனைக்கு முன் ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது முறை.

ட்ரைகிளிசரைடுக்கு 10–12 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். முந்தைய இரவு சாராயமோ பிராந்தியோ போயிருந்தால் எண் எகிறும். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்து, மூன்று மணி டீயையும் பன்னையும் மறந்து, காலையில் லேப் வாசலில் நிற்பவருக்கு அது வெறும் வயிறு அல்ல. வார விடுமுறை நாளில், ராத்திரி ஒழுங்காகத் தூங்கி எழுந்து கொடுக்க வேண்டும். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் கணக்குப் போட்டு எழுதிய எல்.டி.எல். எண்ணை நம்பக் கூடாது. நேரடியாக அளக்கச் சொல்லுங்கள். 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி பயம் தனி; அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பிரஷர் எடுப்பது எளிது போலத் தெரியும். கியூவில் நின்று வந்தவரை உட்கார வைத்த உடனே பட்டையைச் சுற்றினால் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிஷம் முதுகு சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் ஊன்றி, கை இதய மட்டத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும். அரை மணிக்குள் டீ, பீடி கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத பிரஷர் வரும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டாவது முறை எடுத்துச் சராசரியை எழுத வேண்டும்.

இனி சாப்பாடு. நம் பக்கத்தில் பெரிய குழப்பம் களியில்தான். கேழ்வரகு நல்ல தானியம், சந்தேகமே இல்லை. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குமேல் கால்சியம் இருக்கிறது, நார்ச்சத்தும் பாலிஷ் அரிசியைவிடக் கூடுதல். தர்மபுரி மாவட்ட ரேஷன் அட்டைகளுக்கு 2023-இலிருந்து இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதும் நல்ல காரியம். ஆனால் ‘களி சுகருக்கு நல்லது’ என்ற ஒரே பேச்சில் அளவு மறந்துவிடுகிறது. ஓர் உருண்டைக்கு 100 கிராம் மாவு போனால் மாவுச்சத்து 70 கிராமை ஒட்டி வரும்; சுமார் 250 கிராம் சோற்றில் இருப்பது அதுதான். அதில் அரிசி நொய்யும் சேர்த்துக் கிண்டுகிற வீடுகளில் கணக்கு இன்னும் ஏறும். மாவு எவ்வளவுக்கெவ்வளவு நைசோ அவ்வளவு சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும். கூழாகக் கரைத்துக் குடித்தால் அதைவிட வேகம். ராகி மால்ட் என்று வெல்லம் போட்டுக் காய்ச்சுவதைச் சுகர்க்காரர் பானம் என்று சொல்வது அநியாயம். வெல்லத்தில் பத்துக்கு எட்டுப் பங்குக்கு மேல் சர்க்கரைதான், நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் அதற்கு விலக்கல்ல.

களியை விட வேண்டியதில்லை. உருண்டையைப் பாதியாக்கி, கொள்ளுக் கடைசலையோ அவரைக்கொட்டைக் குழம்பையோ கீரையையோ இரண்டு மடங்காக்குங்கள். 50 கிராம் கொள்ளில் 11 கிராம் புரதம் கிடைக்கிறது, கொள்ளு நம் மண்ணில் விளைவதுதான். முதலில் கீரை, பருப்பு, காய். களியோ சோறோ கடைசியில். இந்த வரிசையை மாற்றினாலே சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை குறையும். டீக்கடையில் ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன், 10 கிராம். ஒரு நாளைக்கு ஐந்து டீ என்றால் 50 கிராம் சர்க்கரை டீயிலேயே போய்விடுகிறது. மாம்பழத்தை எதிரியாக்கவும் வேண்டாம். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு ஆனி மாதத்தில் மாம்பழம் சாப்பிடாதே என்றால் யார் கேட்பார்கள்? 200 கிராம் சதையில் 27 முதல் 30 கிராம் சர்க்கரை என்று தெரிந்துகொண்டு, அன்றைக்கு அதே அளவுக்குச் சோற்றைக் குறைத்து, பழமாகவே கடித்துச் சாப்பிடலாம். ஜூஸாக வேண்டாம். உப்பு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இந்தக் கணக்கில் அடக்கம்.

நடக்கச் சொல்வது எல்லோரும் சொல்வதுதான். வாரத்துக்கு 150 நிமிஷம். நம் மாவட்டங்களில் அதற்கு ஒரு தனி முட்டுக்கட்டை இருக்கிறது. ஃப்ளோரைடு கலந்த போர் தண்ணீரைப் பல வருஷம் குடித்து முதுகும் முழங்காலும் இறுகிப்போனவர்கள் இங்கே கிராமத்துக்குக் கிராமம் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அப்படிப்பட்டவரிடம் முக்கால் மணி நேரம் வேக நடை போ என்று சீட்டில் எழுதுவது எழுதுகிறவரின் மனத் திருப்திக்கு மட்டுமே. அவருக்குச் செய்யக்கூடியது வேறு: ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிஷம் வாசலிலேயே மெதுவாக நடை, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து முறை. தொடைத் தசை வலுத்தால் சர்க்கரையை இழுத்துக்கொள்ள இடம் கூடும், முழங்காலுக்கும் பாரம் குறையும்.

அந்த வலிக்காக மருந்துக் கடையில் வாங்கும் ‘செட் மாத்திரை’யைப் பற்றி எழுதாமல் விட முடியாது. பெயர் இல்லாமல் நறுக்கிக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் நாலைந்து மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருந்தால் வலி பறந்துவிடும். கூடவே சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், வயிறும் முகமும் உப்பும். வலி மாத்திரை மட்டும் என்றாலும் தினமும் விழுங்கினால் பிரஷரை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஐந்து அளவில் மூன்றைத் தானே வாங்கி வந்து விழுங்குவதுதான் இது. மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் விட வேண்டும்.

எடையில் 5 முதல் 7 விழுக்காடு குறைந்தால் போதும். 70 கிலோ ஆளுக்கு மூன்றரை முதல் ஐந்து கிலோ. எல்லா எண்ணும் ஒன்றாக இறங்காது. சர்க்கரையையும் குடியையும் விட்டால் ட்ரைகிளிசரைடு சில வாரங்களிலேயே இறங்கும். உப்பைக் குறைத்தால் பிரஷர் ஒரு மாதத்துக்குள் அசையும். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். எச்.டி.எல். கடைசி ஆள், எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் குறையவும் செய்யும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். சென்னையில் சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியான தடுப்பு ஆய்வில், வழக்கம்போல் விட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு மூன்றே ஆண்டில் சர்க்கரை வந்தது. சாப்பாடும் நடையும் மட்டும் திருத்தியவர்களில் 39 விழுக்காடு. எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் இந்த எண்ணே சொல்கிறது. ஆகவேதான் மறுபரிசோதனை முக்கியம். மூன்று அளவுகள் இருப்பவர் மூன்று மாதத்தில் ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். எல்.டி.எல்., பீடி, புகையிலை இந்த ஐந்தில் சேராதவை. அவற்றின் ஆபத்தைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். முகாமில் படுக்க வைத்து எடுத்த ஈ.சி.ஜி. நார்மல் என்பதும் வரப்போவதைப் பற்றி எதுவும் சொல்லாது.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்த பெண்களை நாம் அப்படியே மறந்துவிடுகிறோம். பிரசவம் ஆனதும் சர்க்கரை இறங்கிவிடும், கூடவே கவனமும் போய்விடும். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் சோதனை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வரும் நாளே தாய்க்கும் போதும். கழுத்து, அக்குள் மடிப்பில் வெல்வெட் போலக் கருத்து, சோப்பு போட்டுத் தேய்த்தும் போகாத பிள்ளைகளை அரசுப் பரிசோதனைக்கு உரிய 30 வயது ஆகட்டும் என்று விட்டுவைக்கக் கூடாது; அது அழுக்கல்ல, இன்சுலின் கூடுதலாகச் சுரப்பதன் அடையாளம்.

வீடு தேடி வந்து சோதிக்கும் அரசுத் திட்டமான ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு நிரப்பும் படிவத்தில் இடுப்புச் சுற்றளவுக்கு ஒரு கட்டம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதுவும் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தைக் கண்ணால் பார்த்து நிரப்பாமல் டேப்பால் நிரப்ப வேண்டும். முகாம் நடத்துகிறவர்கள், அரசோ அரிமா சங்கமோ, சீட்டின் அடியில் ‘5-க்கு எத்தனை’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். லேப் வைத்திருப்பவர்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 110 என்று அச்சடித்திருந்தால் அதை மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷ வேலை அது. தங்கள் நாளிதழும் அடுத்த முகாம் செய்தியில் சர்க்கரை கண்டவர்கள் எத்தனை பேர் என்பதோடு, மூன்றும் அதற்கு மேலும் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு வாங்கிப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வக நுட்பநர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.